புயல் கூண்டு போல பனிச்சரிவு எச்சரிக்கையும் அச்சாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் உங்கள் நாளிதழில் ஒரு சின்னக் கட்டம் தவறாமல் வர ஆரம்பிக்கும். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்ற செய்தி அது. தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் டீக்கடையில் பேப்பரை எடுப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் ஏதோ உருவாகிறது, பத்தாம் எண் என்றால் பெரிய அபாயம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூட இங்கே சொல்லும். யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லித் தந்ததில்லை. வருஷா வருஷம் பேப்பரில் பார்த்துப் பார்த்துப் பழகியது.

அதே பக்கத்தில், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, இமயமலைப் பகுதிக்கான பனிச்சரிவு எச்சரிக்கையையும் தினமும் நாலு வரி போட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

வெயிலில் காயும் வடசென்னைக்கும் பனிச்சரிவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இப்போது சம்பந்தம் இருக்கிறது. எங்கள் தெருவிலிருந்தே ஜனவரியில் ஒரு கூட்டம் உத்தராகண்டுக்குக் கிளம்புகிறது. என் அக்கா மகனும் அதில் ஒருவன். எல்லாரும் வேலைக்குப் போக ஆரம்பித்து ஓரிரு வருஷம் ஆன பிள்ளைகள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜெர்கினும் தெர்மலும் வாங்கியாயிற்று. டார்ச், கையுறை எல்லாம் பர்மா பஜாரில். சென்ட்ரலில் ரயில் ஏறி டெல்லி, டேராடூன், அப்புறம் சாங்க்ரி என்ற மலைக் கிராமம். அங்கிருந்து கேதார்கந்தா உச்சி, 12,500 அடி. அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். அந்தப் பாதை பெரும்பாலும் காட்டுக்குள் போவது, நிறைய பேர் நடந்து பழகியது. ஆனால் ஏற்பாட்டாளர் அனுப்பிய போஸ்டரில் இன்னொன்றும் இருந்தது: உச்சியைப் பார்த்த பிறகு, கூட்டமே போகாத ஒரு பள்ளத்தாக்கில் இரண்டு நாள், 'யார் காலும் படாத பனியில்' நடை.

யார் காலும் படாத பனி என்பதுதான் என்னை உட்கார வைத்து எழுத வைக்கிறது.

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். வடக்கு காஷ்மீரில் குப்வாரா மாவட்டத்தின் மலை முகாம்களில் குளிர்காலங்களைக் கழித்திருக்கிறேன். பனிக்கு அடியிலிருந்து எடுத்து வந்தவர்களைக் கையில் வாங்கியிருக்கிறேன். சிலர் பிழைத்தார்கள். அதனால் இதை ஏதோ படித்துவிட்டுச் சொல்லவில்லை.

அக்கா மகனிடம் சொல்லி அந்த ஏற்பாட்டாளருக்கு போன் போடச் சொன்னேன். "அந்தப் பள்ளத்தாக்கில் பனிச்சரிவு அபாயம் எப்படி, யார் பார்த்து முடிவு செய்கிறீர்கள்?" என்று நானே கேட்டேன். "சார், அதெல்லாம் ஒன்றும் ஆகாது, போன வருஷமும் போய் வந்தோம்" என்றார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். எச்சரிக்கை அறிக்கையைத் தினமும் பார்ப்பீர்களா என்றேன். எந்த அறிக்கை என்று கேட்டார்.

போன வருஷம் போய் வந்த பாதை இந்த வருஷம் அதே பாதை அல்ல. இதைத்தான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க வேண்டியிருக்கிறது. மலை அதேதான், சரிவு அதேதான். அதன் மேல் கிடக்கும் பனி ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதிதாகக் கட்டப்படுகிறது, அதுவும் அடுக்கடுக்காக. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி மேற்கிலிருந்து வரும் மழை மண்டலங்கள், 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்' என்று வானிலைக்காரர்கள் சொல்வது, டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஒன்றன்பின் ஒன்றாக வந்து பனியைக் கொட்டும். இரண்டுக்கும் நடுவே வானம் தெளிந்து கடுங்குளிர் அடிக்கும். ஆபத்துக்கு அஸ்திவாரம் விழுவது அந்தத் தெளிந்த நாட்களில்தான்.

எப்படி என்றால், தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில் இருக்கும். மேற்பரப்போ இரவில் மைனஸ் பதினைந்து, இருபதுக்குப் போய்விடும். பனி ஆழமில்லாத இடத்தில் இந்த வித்தியாசம் மிகக் கூர்மையாக இருக்கும். அடியிலிருந்து நீராவி மேலே ஏறி, துகள்களையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய மணிகளாக மாற்றிவிடும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாகாது, விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். இந்த உதிரி அடுக்கின் மேல் அடுத்த பனிப்பொழிவு வந்து விழுகிறது. காற்று அதை அடித்து இறுக்கிப் பெரிய பலகையாக்கிவிடுகிறது. மேலே கெட்டியான பலகை, கீழே பிடிப்பே இல்லாத மணிகள். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று அழகான, மிதிக்கத் தூண்டுகிற சரிவு. நடுவில் ஒருவர் கால் வைத்ததும் அந்த உதிரி அடுக்கு ஓரிடத்தில் உடைகிறது. உடைவு நொடியில் அந்தச் சரிவு முழுக்கப் பரவுகிறது. மேலே கோடு கிழித்தாற்போல விரிசல் விட்டு, பலகை மொத்தமும் அவரையும் தூக்கிக்கொண்டு கீழே வருகிறது.

காற்றைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பனி பெய்யவே இல்லை, வானம் நீலமாக இருக்கிறது, அதனால் பயமில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். மலை முகட்டின் ஒரு பக்கத்தைக் காற்று சுரண்டி மறுபக்கம் கொண்டுபோய்க் கொட்டும். ஒரே இரவில் முழங்கால் ஆழம் சேர்ந்துவிடும், ஒரு துளி பெய்யாமலே. முகட்டிலிருந்து வெள்ளையாகப் புகை பறப்பதைப் பார்த்தால் மறுபக்கச் சரிவில் எடை ஏறிக்கொண்டிருக்கிறது என்று எங்கள் முகாமில் புது ஆளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

எல்லாச் சரிவும் சரிவதில்லை. பலகை போல உடைந்து வரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில்தான் கிளம்புகின்றன. அதற்குக் குறைந்தால் பனி நின்றுவிடும், அதற்கு மிகவும் கூடினால் பெய்யப் பெய்யவே அவ்வப்போது உதிர்ந்துவிடும். 30 டிகிரி என்றால் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. போனில் கோணம் அளக்கும் செயலியைப் போட்டு எங்கள் வீட்டு மொட்டை மாடிப் படிக்கட்டின் கைப்பிடி மேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 35 காட்டியது. செங்குத்தான பாறை முகத்தில்தான் பனிச்சரிவு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள், தினமும் துணி காயப்போட ஏறும் படியின் சாய்வு போதும் என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நீங்கள் நடக்கும் பாதை சமதளமாக இருக்கலாம், ஆனால் தலைக்கு மேலே அந்தச் சாய்வில் பனி இருந்தால் அது வந்து நிற்கும் இடம் உங்கள் பாதைதான் என்பதையும் சொன்னேன். கூடாரம் போடும் இடத்துக்கும் இது பொருந்தும்.

மலை சில சமயம் வாய்விட்டே சொல்லும். நடக்கும்போது காலடியில் 'தும்' என்று அமுங்கிய சத்தம் கேட்டுப் பனி லேசாக இறங்கினால், உதிரி அடுக்கு உடைந்துவிட்டது என்று அர்த்தம். காலைச் சுற்றி விரிசல் ஓடினாலும், எதிர்ச் சரிவில் புதிதாக ஒரு பனிச்சரிவு விழுந்திருந்தாலும் அங்கே நிற்கவே கூடாது. பெரிய பனிப்பொழிவு முடிந்து முதல் இரண்டு நாள் கிளம்பாமல் இருப்பது உத்தமம். திடீரென்று வெயில் சூடேறி, பாறையிலிருந்து பனி சொட்ட ஆரம்பித்தாலும் அப்படியே. விடுப்பு முடிந்துவிடும், ரயில் டிக்கெட் போட்டாயிற்று என்பதெல்லாம் மலைக்குத் தெரியாது. ராணுவத்தில்கூட, ரேஷன் தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில், எங்கள் அதிகாரி ரோந்தை நிறுத்திவைத்ததைப் பார்த்திருக்கிறேன். கடக்கத்தான் வேண்டும் என்றால் விடியும் முன், உறைந்த நேரத்தில், ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுக் கடப்போம். ஒருவர் கடக்கும்போது மற்றவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிக்கினால் கடைசியாக எங்கே கண்ணில் பட்டார் என்று தெரிய வேண்டும் அல்லவா. கூட்டமாக செல்ஃபி எடுத்துக்கொண்டு ஒரே சரிவில் பத்துப் பேர் நிற்பதை இப்போது வீடியோக்களில் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

இன்னொரு உண்மையையும் அச்சில் போடுங்கள். மலையேற்றத்துக்கோ சறுக்கவோ போய்ச் சிக்கி இறந்தவர்கள் விஷயத்தில், பத்தில் ஒன்பது சம்பவங்களில் அந்தப் பனிச்சரிவைக் கிளப்பிவிட்டது அவரோ, அவரோடு வந்தவரோதான். அதாவது பெரும்பாலும் தவிர்த்திருக்கக் கூடியது. இதில் விதி என்று கையைக் கழுவ எனக்கு மனம் வருவதில்லை.

என் வேலை சார்ந்த விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பனியில் புதைந்தவர் குளிரில் விறைத்து இறக்கிறார் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். பெரும்பாலோர் மூச்சுத் திணறித்தான் இறக்கிறார்கள். உருண்டு வரும்வரை தளர்வாக இருக்கும் பனி, நின்ற மறுகணம் இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. விட்ட மூச்சின் ஈரம் முகத்துக்கு முன்னால் உறைந்து பனிக்கட்டித் திரையாகி, வரும் கொஞ்சக் காற்றையும் அடைத்துவிடும். அதனால்தான் பனிச்சரிவு நிற்கும் நேரத்தில் கைகளை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து கொஞ்சம் இடம் உண்டாக்கிக்கொள்ளச் சொல்வார்கள். முதல் 10, 15 நிமிடங்களுக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். அரைமணி தாண்டினால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யோசியுங்கள். செல்போன் சிக்னலே இல்லாத பள்ளத்தாக்கிலிருந்து ஒருவர் இறங்கி வந்து தகவல் சொல்லி, மீட்புப் படை கிளம்பி, ஹெலிகாப்டர் பறந்து வருவதற்குள் பதினைந்து நிமிடம் எப்போதோ போயிருக்கும். காப்பாற்றக் கூடியவர் பக்கத்தில் நிற்கும் நண்பன் மட்டும்தான். அவனிடம் மூன்று சாமான் இருக்க வேண்டும்: 457 கிலோஹெர்ட்ஸில் சைகை அனுப்பவும் வாங்கவும் செய்யும் பீக்கன் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பி, ஒரு நல்ல மண்வெட்டி. மூன்றும் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், வழிகாட்டியிடம் மட்டும் இருந்து பயனில்லை. வழிகாட்டியே புதைந்துவிட்டால்? பத்தாயிரக்கணக்கில் பணம் வாங்கும் ஏற்பாட்டாளர்கள் தரும் சாமான் பட்டியலில் சன்கிளாஸ் இருக்கிறது, லிப் பாம் இருக்கிறது, இந்த மூன்றும் இல்லை.

தோண்டி எடுத்ததும் முதலில் முகம், வாய், மூக்கு. அடுத்து நெஞ்சு அசையும்படி சுற்றியுள்ள பனியை விலக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால், உடல் முழுக்க வெளியே வரும்வரை காத்திருக்காமல் வாயோடு வாய் வைத்து ஊதத் தொடங்கலாம். கை கால்களைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. புரட்டிப் போடாமல் மெதுவாகத் தூக்க வேண்டும், குளிர்ந்த இதயம் சின்ன அதிர்ச்சியையும் தாங்காது. சூடு வரட்டும் என்று ரம் ஊற்றுவதை எங்கள் பக்கமே சிலர் செய்ய வருவார்கள், கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறேன். மது ரத்தக் குழாய்களை விரித்து உள்ளிருக்கும் வெப்பத்தையும் வெளியே விட்டுவிடும். உடம்பு சில்லிட்டிருப்பதாலேயே செத்துவிட்டார் என்று முடிவு கட்டக் கூடாது.

2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் சோனம் என்ற முகாம் மேல் பனிச்சரிவு விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆம் பட்டாலியன் வீரர்கள் 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் நான்கு பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு எடுக்கப்பட்டார். 25 அடிக்கும் கீழே, கூடாரத்துக்குள் இருந்த காற்றில் அவர் உயிர் ஒட்டியிருந்தது. பிப்ரவரி 11ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்துபோனார். அந்த நாட்களில் உங்கள் நாளிதழ் அந்தச் செய்தியை எப்படித் தாங்கி வந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. வடசென்னையில் தெரு முனைகளில் அவர் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினார்கள். அந்த அக்கறை இந்த மக்களிடம் இருக்கிறது. அதை எச்சரிக்கையாகவும் மாற்றலாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

திறமை இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2022 அக்டோபர் 4ஆம் தேதி உத்தரகாசி மாவட்டத்தில் திரௌபதி கா டண்டா சிகரத்தில், மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு ஒன்றைப் பனிச்சரிவு அடித்தது. பயிற்சியாளர்களும் பயிற்சி பெற வந்தவர்களுமாக 29 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்டில் ஏறித் திரும்பிய சவிதா கன்ஸ்வாலும் அவர்களில் ஒருவர். சுற்றுலாப் பயணிகளுக்கும் நடந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 4ஆம் தேதி சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் 7 பேர் இறந்தார்கள். அவர்கள் வைத்திருந்த அனுமதி 13ஆவது மைல் வரைக்கும்தான். விபத்து நடந்தது 15ஆவது மைலில்.

எல்லாவற்றையும்விட என் மனதை அரிப்பது மானா. பத்ரிநாத்துக்கு அப்பால் உள்ள அந்த ஊரில் 2025 பிப்ரவரி 28ஆம் தேதி காலை, சாலைப் பணியாளர்கள் தங்கியிருந்த முகாம் மேல் பனி வந்து விழுந்தது. 54 பேர் சிக்கினார்கள், 46 பேரை மீட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். பலர் பிழைத்ததற்குக் காரணம் அவர்கள் இரும்புக் கண்டெய்னர்களுக்குள் இருந்தது, உள்ளே மூச்சுவிடக் காற்று இருந்தது. முந்தைய நாள் மாலை 5 மணிக்கே சமோலி உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களுக்கு, 2,400 மீட்டருக்கு மேல், அடுத்த 24 மணி நேரத்துக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியாகியிருந்தது. எச்சரிக்கை இருந்தது. படுத்துத் தூங்கியவர்களின் காதுக்கு அது வந்து சேர்ந்திருக்க வேண்டாமா?

அந்த எச்சரிக்கையை வெளியிடுவது சண்டிகரில் இருக்கும் ஒரு பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிறுவனம், அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயர் டி.ஜி.ஆர்.இ. மணாலியில் 1969இல் தொடங்கிய 'சாசே' என்ற பனி ஆய்வு நிறுவனமும் இன்னொரு பாதுகாப்பு ஆய்வுக்கூடமும் 2020இல் இணைந்து உருவானது இது. மலைகளில் அவர்கள் வைத்திருக்கும் கருவிகளையும் ஆட்களையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். குளிர்காலத்தில் அவர்கள் தரும் அறிக்கை ரொம்பச் சின்னது: மாவட்டத்தின் பெயர், எத்தனை மீட்டருக்கு மேல், அபாயம் எந்த நிலை, எத்தனை மணி நேரத்துக்கு. புயல் கூண்டுச் செய்தியைவிட நீளம் குறைவு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலியிலும் எச்சரிக்கைகள் வருகின்றன. இருந்தாலும் அந்தச் செயலியைப் பதிவிறக்கி வைத்திருக்கும் அம்மா ஒருவரையும் எங்கள் தெருவில் நான் பார்க்கவில்லை. பேப்பர் படிக்கும் அம்மாக்கள் நிறைய இருக்கிறார்கள். "டேய், நீ இருக்கிற உத்தரகாசிக்கு இன்னைக்கு அபாயம்னு போட்டிருக்கான், மேலே போகாதே" என்று ஒரு அம்மா இங்கிருந்து போன் போட்டால், எந்தச் செயலியும் செய்யாத வேலையை அது செய்யும்.

குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு 2018இல் தமிழக அரசு நம் காடுகளில் மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. அந்த விதிகள் தமிழ்நாட்டு எல்லையோடு முடிந்துவிடுகின்றன. இங்கே விளம்பரம் செய்து, இங்கே பணம் வாங்கி, இமயமலைக்கு ஆள் கூட்டிப்போகிறவர்களையும் கேள்வி கேட்க ஓர் ஏற்பாடு வேண்டும். குறைந்தபட்சம் பனிக்காலப் பயண விளம்பரத்தில், பனிச்சரிவு அபாயத்தைப் பார்க்கும் பொறுப்பு யாருடையது, மீட்புச் சாமான் என்னென்ன தரப்படும், எச்சரிக்கை வந்தால் பயணத்தை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று சொல்லியே ஆக வேண்டும். கடைசிக் கேள்வி சாதாரணமானதல்ல. பணம் போய்விடும் என்ற நினைப்புதான் பல பேரை அந்தச் சரிவில் இறக்கிவிடுகிறது. உங்கள் நாளிதழிலும் இத்தகைய விளம்பரங்கள் வருகின்றன. இந்த விவரம் இல்லாத விளம்பரத்தை ஏற்பதில்லை என்று நீங்களே ஆரம்பித்து வைக்கலாம்.

போகவே கூடாது என்று சொல்கிறவன் நான் இல்லை. மாம்பழ வெயிலிலும் எண்ணூர்ப் புகையிலும் வளர்ந்த பிள்ளைகள் ஒரு முறையாவது அந்தப் பனியைப் பார்க்கட்டும். விடிகாலையில் அந்தச் சிகரங்கள் சிவப்பதைப் பார்த்தவன் நான். அதை அவர்களிடமிருந்து பிடுங்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் தெருப் பிள்ளைகளிடமும் அந்தப் பள்ளத்தாக்கு நடையை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் சரி என்றிருக்கிறார்கள். மீதிப் பேரிடம் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. ரயிலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

சண்டிகர் அறிக்கை ஆங்கிலத்தில்தான் வருகிறது. அதைத் தினமும் தமிழில் நாலு வரியாக்கித் தர ஆள் இல்லை என்பதுதான் தடையென்றால், நான் செய்து தருகிறேன், சம்பளம் வேண்டாம். மாலையில் அறிக்கை வந்ததும் எழுதி அனுப்பிவிடுவேன். அபாய நிலைகளை விளக்கும் ஒரு சிறு குறிப்பையும் இத்துடன் தனித்தாளில் வைத்திருக்கிறேன். முதல் வாரம் மட்டும் அதையும் சேர்த்துப் போட்டால் படிப்பவர்களுக்குப் பிடிபட்டுவிடும்.

இப்படிக்கு,
ராணுவ மருத்துவப் பிரிவில் ஓய்வு பெற்ற ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81